முதலில் ஏரிக்கரையில் ஏறுங்கள்

ஊர்க்கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

(30 வருஷத்துக்கு மேல் வட ஆற்காட்டுப் பக்கம் கிராமக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், ஊர், நிலம், நீர் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊரின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் ஊரில் கல்வெட்டு இல்லை, பழைய கோயில் இல்லை, எந்த ராஜாவும் வந்ததாகக் கதைகூட இல்லை. வரலாறே இல்லாத ஊரை எங்கிருந்து தொடங்கி எழுதுவது?
– கல்லூரி மாணவர், செய்யாறு

தம்பி, எது எது இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஏரி இருக்கிறதா என்று எழுதவில்லை. செய்யாற்றுப் பக்கம் ஏரி இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை வெயில் ஏறும் முன் ஒரு நோட்டு, ஒரு பென்சிலோடு கரையின் ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை நடந்துவிடுங்கள். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கரை முழுக்கக் கருவேல முள் கிடக்கும்.

நடக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, கரை எந்தப் பக்கம் வளைகிறது என்பது. நம் பக்கத்து நிலம் மேற்கே ஜவ்வாது மலையடியில் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சாய்கிறது. மேற்கே பெய்கிற மழை ஓடிவருகிற வழியில், பிறைநிலா மாதிரி ஒரு மண்கரையைக் குறுக்கே போட்டுத் தடுத்தால் அதுதான் ஏரி. தண்ணீர் கரைக்கு மேற்கே நிற்கும், கழனி கிழக்கே கிடக்கும். வீடுகள் இருக்கிற ஊர் நத்தம் வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்கும். இந்த மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு படம் போட்டால், உங்கள் ஊரை முதலில் அமைத்தவர்கள் என்ன யோசித்தார்கள் என்பதில் பாதி புரிந்துவிடும்.

அடுத்தது மதகு, ஏரித் தண்ணீரைக் கழனிக்குத் திறந்துவிடுகிற வாசல். எத்தனை மதகு, எது மேட்டு மதகு, எது பள்ள மதகு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் குறையும்போது முதலில் நின்றுபோவது மேட்டு மதகு. பள்ள மதகில் கடைசிவரை வரும். அந்தப் பள்ள மதகுக்கு நேர் கீழே யாருடைய நிலம், வாய்க்காலின் கடைசியில் கடைமடையில் யாருடைய நிலம் என்று கேட்டு எழுதுங்கள். ஊரில் யார் பெரியவர், யார் யாருக்குக் கை கட்டி நின்றார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில் வந்துவிடும்.

கரை முடிகிற இடத்தில் கலங்கல் இருக்கும். நிரம்பிய ஏரியின் உபரித் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். ‘ஏரி கோடி போகுது’ என்று ஊரே பார்க்கக் கிளம்புமே, அந்த இடம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அடுத்த ஊர் ஏரிக்கு. அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலியாகக் கோத்திருக்கும். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஏரி எது, கீழே இருக்கும் ஏரி எது என்று தெரிந்தால் பழைய சண்டை, பஞ்சாயத்து, சில சமயம் கொடுக்கல் வாங்கல்கூட யாரோடு என்று தெரிந்துவிடும். மேல் ஊர்க்காரன் கலங்கலில் நாலு கல்லை ஏற்றி வைத்தால் கீழ் ஊர்க்காரன் வயிறு காயும். நான் வேலையில் இருந்தபோது கேட்ட புகார்களில் பாதி இதுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கர்ணம், அதாவது பழைய ஊர்க் கணக்குப்பிள்ளை. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பர் 14-ஆம் தேதி அரசு ஒழித்தது. அதற்குப் பிறகு வி.ஏ.ஓ.வாகப் போனவர்களில் நானும் ஒருவன். வருவாய்த் துறை வருஷக் கணக்கில் பசலி 1390. எனக்கு 23 வயது. அலுவலகம் என்று எதுவும் கிடையாது. வேலை இழந்த கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் போய் நின்று, ‘கணக்கு வாங்க வந்திருக்கேங்க’ என்றேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். யாருக்கு எவ்வளவு நிலம் என்கிற சிட்டா, எதில் என்ன பயிர் என்கிற அடங்கல், அளவு போட்ட புலப்படம், ஒவ்வொரு சர்வே நம்பரின் விவரமும் இருக்கிற ‘அ’ பதிவேடு. இரண்டு மணிநேரம் ஒரு பேச்சு இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு, ‘ஏரிய பாத்தியா?’ என்றார். பார்க்கவில்லை என்றேன். ‘அப்புறம் இந்தக் கட்டை வச்சுக்கினு என்னா பண்ணுவே?’ என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கரைமேல் நின்று தடியை நீட்டி நீட்டி ஒவ்வொரு கழனியையும் பேர் சொன்னார். சர்வே நம்பர் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மதகடி, பூவரசங்கழனி, பிடாரி மானியம், தச்சன் மானியம், வண்ணான் மானியம், நெடுங்கால், கூத்தாடிப் பட்டி, இப்படி. டைரியின் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதினேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் 41 கழனிப் பேர்கள். அந்தப் பேர்களில் பாதிக்கு மேல் எந்தச் சர்க்கார் பதிவேட்டிலும் இல்லை. மானியம் என்று முடிகிற பேர் ஒவ்வொன்றும் ஒரு சம்பளப் பட்டியல் மாதிரி. ஊருக்குக் கலப்பை செய்து கொடுத்த தச்சனுக்கு, துணி வெளுத்தவருக்கு, கோயிலில் ஆடியவர்களுக்கு ஊர் எதைக் கொடுத்தது என்பது அந்தப் பேரிலேயே இருக்கிறது. இன்றைக்கு அந்த நிலத்தில் தச்சனும் இல்லை, கூத்தாடியும் இல்லை. பேர் மட்டும் நிற்கிறது.

உங்கள் ஊரில் 75 வயது தாண்டியவர்கள் நாலு பேரைக் கரைக்குக் கூட்டிப்போய்க் கழனிப் பேர் கேளுங்கள். ஆண்களை மட்டும் கேட்காதீர்கள். நாற்று நட்ட பெண்களுக்குத்தான் ஒவ்வொரு பாத்தியும் தெரியும். இதை முடித்துவிட்டு எழுதுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயர் ‘தாங்கல்’ என்று முடிகிறது. யானையை ஒரு ராஜா தாங்கிப் பிடித்ததால் வந்த பேர் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, வந்தவாசி

யானையை எவனும் தாங்க முடியாது அம்மா. தாங்கல் என்றால் சின்ன ஏரி, அவ்வளவுதான். தண்ணீரைத் தாங்கி வைக்கிற இடம். இதையே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் ஏந்தல் என்பார்கள். ஒருவர் தாங்குகிறார், ஒருவர் ஏந்துகிறார்.

ஊர்ப் பேரின் கடைசித் துண்டைப் பிடித்தால் நிறைய வரும். கண்டிகை என்று முடிந்தால், பெரும்பாலும் பெரிய ஊரிலிருந்து பிரிந்து போய் உண்டான சிற்றூர். பாக்கம் நம் தொண்டை மண்டலத்தில் மழைக்கு முளைத்த காளான் மாதிரி எங்கு பார்த்தாலும் இருக்கும். மங்கலம் என்றால் ஒரு காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊராக இருக்க வாய்ப்பு உண்டு. சதுர்வேதிமங்கலம் என்பதில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் மிஞ்சியிருக்கும். அகரம் என்று தனியாக ஒரு ஊர் இருந்தால் அதுவும் அந்த வகைதான். பள்ளி என்பதைப் பார்த்தவுடன் பள்ளிக்கூடம் என்று நினைக்க வேண்டாம், சமணப் பள்ளியாகவும் இருக்கலாம். உங்கள் வந்தவாசிப் பக்கத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றைக்கும் ஏர் பூட்டி விவசாயம் செய்கிறார்கள். நயினார் வீடு எது என்று கேட்டால் ஊரில் காட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்னொட்டை வைத்து ராஜா பேர், ரிஷி பேர் சொல்லும் கதைகளை நம்பி எழுதிவிடாதீர்கள். கதையைக் கதை என்று சொல்லியே எழுதுங்கள், அதுவும் ஊர்ச் சொத்துதான். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லியோனல் பிளேஸ் கண்டார் என்று ஒரு கதை உண்டு. அதனால்தான் ஏரி காத்த ராமர். பிளேஸ் 1790-களில் அங்கே கலெக்டராக இருந்தது நிஜம், கோயில் திருப்பணியில் அவர் பேர் கல்லில் இருப்பதும் நிஜம். ராமர் நின்றதை நான் எப்படிச் சொல்ல? ஆனால் மழைக்கால ராத்திரியில் கரை உடைந்துவிடுமோ என்று ஒரு அதிகாரி குடையோடு போய் நின்றிருக்கிறார் என்பதை என்னால் நம்ப முடிகிறது. நானும் நின்றிருக்கிறேன். எனக்கு யாரும் தரிசனம் தரவில்லை, சளிதான் பிடித்தது.

கேள்வி: உலகத்தின் முதல் ஜனநாயகத் தேர்தல் உத்திரமேரூரில் நடந்தது என்கிறார்களே, உங்கள் கருத்து?
– ஆசிரியர், காஞ்சிபுரம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். ஊரை 30 குடும்பாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். ஆனால் ஜனநாயகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பிராமணர்களின் சபை. 35-லிருந்து 70 வயதுக்குள் இருக்கவேண்டும், வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். கழனியில் இறங்கி உழுதவனுக்கும் நட்டவளுக்கும் அங்கே ஓலை கிடையாது. தேர்ந்தெடுத்ததும் வாக்குப் போட்டு அல்ல, குலுக்கலில்.

எனக்குப் பிடித்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஓலை எடுக்கிற முறை. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டுக் குடத்திலிருந்து எடுக்கச் சொல்வார்கள். அவன் கொடுக்கிற ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் இன்னொரு ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது, அதற்காக. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அந்தக் கை வேலையை யாரோ செய்து பார்த்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி எதற்கு? நான் எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன், அந்த வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

இன்னொன்று, கணக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவனை மட்டுமல்ல, அவன் நெருங்கிய சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் 6 பேர், 360 நாள். உத்திரமேரூரில் இருந்தது வயிரமேகத் தடாகம், பல்லவன் தந்திவர்மன் பட்டப்பேரில் உள்ள ஏரி. அதாவது சோழர் வருவதற்கு முன்பே ஏரி இருந்தது. ராஜா மாறினார், வம்சம் மாறியது, தூர் வாரவேண்டிய வேலை அப்படியேதான் இருந்தது. தூர் வாரி வண்டலை ஏற்றிவர ஓடம் விடுவதற்கென்று தானம் எழுதிவைத்த கல்வெட்டுகளும் நம் பக்கத்தில் உண்டு.

கேள்வி: தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘அரைக்காணி’ என்று இருக்கிறது. இப்போதைய அளவில் எவ்வளவு?
– வாசகர், மதுராந்தகம்

66 சென்ட். தொண்டை மண்டலத்துக் காணி ஒன்று 24 மனை, மனைக்கு 2,400 சதுர அடி, ஆக 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். 100 குழி ஒரு காணி. ஆனால் தஞ்சாவூர்ச் சொந்தக்காரரிடம் குழிக்கணக்குப் பேசினால் அடிதடியில் முடியும். அங்கே 12 அடிக் கோல், குழி 144 சதுர அடி. நமக்கு 24 அடிக் கோல், குழி 576 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். மா என்றாலே இருபதில் ஒன்று என்றுதான் அர்த்தம், வாய்பாட்டிலும் அப்படித்தான்.

பத்திரத்தில் பசலி வருஷம் போட்டிருந்தால், ஆங்கில வருஷம் தெரிய 590 கூட்டிக்கொள்ளுங்கள், ஜனவரியிலிருந்து ஜூன் வரை என்றால் 591. ஜூலை ஒன்றாம் தேதி பிறக்கிற வருஷம் அது.

கேள்வி: ஒரு தமிழ்க் கிராமத்தைப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதியது உண்டா? எங்களுக்கு மாதிரியாக ஏதாவது சொல்லுங்கள்.
– முனைவர் பட்ட மாணவி, திருவண்ணாமலை

உண்டு, உங்கள் மாவட்டத்திலேயே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தன் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது அவரவர் ஊர்க் கணக்கை எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கடன் யாரிடம், வீட்டில் என்ன சாப்பாடு, கூலி எவ்வளவு என்றெல்லாம். 1918-ல் அது புத்தகமாக வந்தது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரத்து வடமலைபுரம், தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், அப்புறம் வட ஆற்காட்டு தூசி. 1930-களில் இந்த ஊர்களுக்கு மறுபடியும் ஆள் போய் எழுதினார்கள். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தூசி உங்களுக்குப் பக்கம்தான், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில். அங்கே போனால் ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்து மாமண்டூரில் குன்றைக் குடைந்த பல்லவர் குகைகள் இருக்கின்றன, மகேந்திரவர்மன் காலத்தவை. அதை ஒட்டியே பெரிய ஏரி. சித்திரமேகத் தடாகம் என்பது பழைய பேர். அந்த ஏரிக்கு மழை மட்டும் போதாது என்று பாலாற்றிலிருந்து தூசிக் கால்வாய் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜாப்பேட்டைப் பக்கம் பாலாற்றில் கட்டிய அணைக்கட்டிலிருந்து பிரிகிற நாலு கால்வாயில் அது ஒன்று. குகைக்குப் பக்கத்தில் நின்று ஒரே பார்வையில் பல்லவன் ஏரி, வெள்ளைக்காரன் கால்வாய், இன்றைக்கு ஓடுகிற பம்புசெட்டு மூன்றையும் பார்க்கலாம். தண்ணீர் மட்டும் அந்த வருஷ மழையைப் பொறுத்தது. பாலாற்றில் தண்ணீரைவிட மணல் லாரி அதிகம் ஓடிய வருஷங்களையும் நான் பார்த்துவிட்டேன்.

மாதிரி கேட்டீர்கள். ஸ்லேட்டர் மாணவர்கள் மாதிரி சாப்பாட்டைக் கேளுங்கள். கம்பு, கேழ்வரகுக் களி எந்த வருஷத்தில் நின்று அரிசிச் சோறு எல்லா வீட்டிலும் தினமும் வந்தது என்ற ஒரு கேள்வியில் ஊரின் ஐம்பது வருஷம் இருக்கிறது. பயிரின் பேரையும் அப்படியே எழுதுங்கள். நம் பக்கத்து நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம், அதாவது பயிர்ப் பருவம். குறுவை, தாளடி என்று தஞ்சாவூர்ப் பேரைப் போட்டு எழுதிவிடாதீர்கள். வேர்க்கடலையை நம் ஊரில் மல்லாட்டை என்கிறோமே, அது மணிலாக்கொட்டை. எங்கிருந்து வந்தது என்பது பேரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கு எண்ணெய் எடுக்கக் கப்பல் கப்பலாகப் போன பயிர் அது. அதற்காகத்தான் நம் பக்கத்துக் கொல்லைமேடெல்லாம் மல்லாட்டை ஆனது. எங்கள் பாட்டி உரித்த கொட்டையைப் படியில் அளந்து கொடுத்துவிட்டு விரல் வீங்கி உட்கார்ந்திருந்ததற்கும் அந்தக் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: எங்கள் ஊர் வரலாறு என்று ஒரு மலர் போட்டார்கள். அதில் எங்கள் தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர்ப் படத்திலும் ஓரத்தில் ஒரு புள்ளி. எங்கள் வரலாறு எந்த ஆவணத்தில் கிடைக்கும்?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

உங்கள் கோபம் நியாயம். ஊரும் சேரியும் தனித்தனி என்பது மலர் போட்டவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களுக்கு வரியில்லாத இடங்களைக் கழித்துக் கணக்குச் சொல்வார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகிற வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர்ப் படமே அதுதான். அதில் உங்கள் தெரு இருக்கிறது, கோடு போட்டுப் பிரித்து வைத்த இடத்தில் இருக்கிறது. கரைமேல் ஏறிப் பாருங்கள் என்று மேலே ஒரு தம்பிக்குச் சொன்னேனே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பல ஊர்களில் சேரி கழனிப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும். வெள்ளம் முதலில் வருகிற இடம், பாசனத் தண்ணீர் கடைசியில் வருகிற இடம்.

ஆவணம் கேட்டீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே பெரிய ஆவணம் ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் ஒரு அறிக்கை எழுதினார். உழைக்கிறவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரர்கள் குறுக்கே நிற்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அதன் பேரில் 1892-ல் அரசாணை வந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கவேண்டும் என்பது நிபந்தனை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1979-லிருந்து 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது, யு.டி.ஆர். என்பார்கள். பழைய ‘அ’ பதிவேட்டில் ஒரு சர்வே நம்பருக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் பஞ்சமி நில நிபந்தனை எழுதியிருந்தது. புதுப் பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக வந்தது. நான் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன். அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை. பல வருஷம் கழித்து உங்களை மாதிரி ஒருவர் வந்து, ‘இது எங்க பாட்டன் நெலம் சார், பழைய புஸ்தகத்த எடுங்க’ என்று நின்றபோதுதான் எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மை அப்படியே இருந்தது. நிலம் அதற்குள் மூன்று கை மாறியிருந்தது.

அதனால் கணினிச் சிட்டாவோடு நின்றுவிடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தை மட்டும் முதலில் படியுங்கள். கிடைத்ததை வைத்து அடுத்த மலரை நீங்கள் போடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் 39,000 ஏரி, குளம் இருந்தும் ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?
– வாசகர், வேலூர்

ஏரி தேவைப்படாமல் போய்விட்டது, அதனால். கழனிக்கு ஏரித் தண்ணீர் வேண்டுமென்றால் பத்துப் பேர் கூடிப் பேசி வாய்க்கால் வெட்டவேண்டும், முறை வைக்கவேண்டும், பக்கத்து நிலத்துக்காரன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும். சொந்தக் கிணற்றுக்கு ஒரு ஸ்விட்ச் போதும். மின்சாரமும் இலவசமான பிறகு, வசதி உள்ளவர் ஆழத் தோண்டினார், இல்லாதவர் கிணறு வற்றியது. இரண்டு பேருமே கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து கழனிகளுக்குப் பங்கிடுகிற நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். பழைய குமிழி மதகு. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், நடுவில் துளை, துளையை அடைக்கிற மரக்கட்டை. திறக்கவேண்டுமென்றால் மூச்சைப் பிடித்து முங்கிக் கட்டையை அசைத்து இழுக்கவேண்டும். எத்தனை விரல்கடை தூக்கினால் எத்தனை காணி நனையும் என்று அவருக்குக் கணக்கு. ராத்திரி மண்வெட்டியோடு போய் ஒவ்வொரு கழனிக்கும் மடை மாற்றுவார். சம்பளம் கிடையாது, அறுவடையில் களத்தில் நெல் அளப்பார்கள். கிணற்றுக்காரர்கள் அதை அளக்க மறுத்த வருஷம், அவர் மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மதகுக்கு இரும்புத் திருகு வந்தது. அதைத் திருகத்தான் ஆள் இல்லை.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் சர்வே கல்லைப் பிடுங்கிவிட்டார். என்ன செய்வது?
– வாசகர், ஆரணி

கல்லைப் பிடுங்கினால் எல்லை மாறாது. புலப்படத்தில் அளவு இருக்கிறது, சர்வேயருக்குப் பணம் கட்டி மனுக் கொடுத்தால் வந்து அளந்து மறுபடி நட்டுவிடுவார். எல்லைக் கல்லைப் பிடுங்குவது 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம். ஆனால் கேஸ் போடும் முன் கல் எங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மூன்று ஊர் எல்லை கூடுகிற முச்சந்திக் கல் ஒன்று காணவில்லை என்று இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். மூன்று ஊரும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் போனேன். கிணற்றடியில் ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார். நல்ல சதுரமான கல், தலையில் அம்புக்குறி. ‘ஏம்மா, இது சர்க்கார் கல்லாச்சே’ என்றேன். ‘எங்க மாமியாரு காலத்துலேந்து இங்கதாம்பா கெடக்குது, நீ யாரு?’ என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்து ஓங்கி அடித்தார்.